பத்தாவது ரீல்

மூன்று படத்துக்கு எழுதியாயிற்று, நாலாவதுதான் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நிற்கிறது என்று அலுத்துக்கொண்டே அம்பலவாணன் இடது கண்ணில் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டார். நாற்காலியில் தலையைச் சாய்த்து, மருந்து தொண்டைக்குள் கசப்பாக இறங்கும்வரை கண்ணை மூடிக் கிடந்தார். காலை பதினோரு மணி. கீழே தண்ணீர் லாரிக்காரன் குழாயை மாட்டிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அடுக்களையில் வசுமதி எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வயதில் ஒரு மனுஷன் வாரத்துக்கு நாலு படம் பார்த்து எழுதிப் பிழைக்கவேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது, எழுதினவனை எங்கே போய்ப் பிடிப்பது. புதுசு மூன்று, பழசு ஒன்று, அதுதான் அந்த இணையதளத்தின் ஏற்பாடு. இந்த வாரப் புதுசில் ஒன்று பேய்ப் படம். பேய் ஊட்டி பங்களாவைக் காலி பண்ணிவிட்டுப் பதினேழு மாடிக் குடியிருப்புக்குக் குடிவந்து லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, பாவம், அதற்கும் முழங்கால் வலி போலிருக்கிறது. இன்னொன்று போலீஸ் படம், கதாநாயகன் குளிக்கும்போது மட்டும்தான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். மூன்றாவது குடும்பப் படம், அண்ணன் தம்பி ஏழு பேரும் பந்தியில் உட்கார்ந்து இலையில் கண்ணீர் சொட்ட அழுதார்கள், அத்தனை உப்பையும் தாங்கிக்கொண்டு அந்தச் சாம்பாரை யார் சாப்பிட்டார்களோ. மூன்றுக்கும் கடைசி வரி ஒன்றுதான், ‘இரண்டாம் பாதியில் கத்தரி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.’ முப்பத்தைந்து வருஷத்தில் இந்த வரியை ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பார், கை தானாகவே எழுதிவிடும். ஆனால் நாலாவது படத்துக்குக் கை எழும்ப மாட்டேன் என்கிறது. ‘ஏழாம் நம்பர் கேட்.’ இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய படம். யாரோ எங்கிருந்தோ கிளறி எடுத்துச் சுத்தம் பண்ணி யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். இணையதளத்தின் ஆசிரியை ஷெரின் காலையிலேயே ஃபோனில் குதித்தாள். “சார், உங்க காலண்டர் லைன் வந்த படம் சார் இது! பழைய விமர்சனத்தை ஸ்கேன் பண்ணிப் பக்கத்துலயே போடறோம், அந்த வரிதான் தலைப்பு. ஆபீஸ்ல பசங்கல்லாம் படிச்சுட்டு உருண்டு உருண்டு சிரிக்கிறாங்க. ரெண்டு மணிக்குள்ள அனுப்பிடுங்க. டைரக்டர் நம்பரும் அனுப்பியிருக்கேன், அவர்கிட்ட ரெண்டு வார்த்தை வாங்கிப் போட்டா சூப்பரா இருக்கும்.” சூப்பராகத்தான் இருக்கும், தாயே, உனக்கென்ன. உனக்கு அந்த வரி சிரிப்பு, எனக்கு அது சோறு போட்ட வரி, பொய் வரி.

படத்தைப் போட்டார். டிவியில் தண்டவாளம் நீண்டது, கரிசல் காட்டு வெயில், ஒரு ரயில்வே கேட், கேட்டைத் திறந்து மூடுகிற ஒருவன், அவன் பெண்டாட்டி. பெயர்கள் ஓடின, ‘எழுத்து இயக்கம் செவத்தையா’ என்று வந்தது. சாத்தூர்ப் பக்கத்துப் பையன், அப்போது இருபத்தாறு இருபத்தேழு இருக்கும், சட்டையை எப்போதும் கடைசிப் பித்தான்வரை போட்டிருப்பான். பத்திரிகைக்காரர்களுக்குப் படம் போட்டுக்காட்டும் அன்றைக்கு இயக்குநர் அரங்குக்குள் உட்காரக் கூடாது, அது ஒரு சம்பிரதாயம், உட்கார்ந்தால் படம் ஊத்திக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் செவத்தையா வெளியில்தான் நின்றான், போண்டா சூடாக இருக்கிறதா, சட்னி போதுமா என்று பார்த்துக்கொண்டு. உள்ளே படம் ஓடியது. பத்து நிமிஷத்துக்கு ஒரு ரீல் என்ற காலம் அது, ஆப்பரேட்டர் பவுல் இரண்டு மெஷினிலும் மாற்றி மாற்றிப் போடுவார். அன்றைக்குப் பத்தாவது ரீலும் பதினொன்றாவது ரீலும் டப்பா மாறிப்போயிற்று. பெண்டாட்டி செத்து, பாடையில் வைத்துச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அது பதினொன்று. அது முதலில் ஓடியது. அதற்கு முந்தைய நாள் அவள் உயிரோடு உட்கார்ந்து குழம்பு வைக்கிறாள், ராத்திரி காய்ச்சல் காண்கிறது, அது பத்து. அது பின்னால் ஓடியது. அவருக்கு எப்படித் தெரியும்? புது இயக்குநர், கதை சொல்லத் தெரியவில்லை என்று நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், சத்தியமாக. அந்த வாரம் எழுதினார், ‘செத்துச் சுடுகாட்டுக்குப் போனவள் அடுத்த காட்சியில் திரும்பி வந்து குழம்பு தாளிக்கிறாள். இயக்குநருக்கு யாராவது ஒரு காலண்டர் வாங்கிக் கொடுங்கள்.’ அவ்வளவுதான். ஊர் சிரித்தது. கல்லூரிப் பையன்கள் ஆண்டுவிழா நாடகத்தில் சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள். அதுவரை கால் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவருக்கு ஆசிரியர் இரண்டு பக்கம் கொடுத்தார், புகைப்படத்தோடு. ‘காலண்டர் அம்பலவாணன்’ என்று பெயரே ஆகிவிட்டது, இன்றைக்கும் திரையிடல்களில் பொடிப் பயல்கள் காலண்டர் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் பல்லைக் காட்டிவிட்டு உட்காருகிறார். படத்தை ஒன்பதாம் நாள் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. வடபழனி டீக்கடையில் பவுல் அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். “சார், உங்ககிட்ட சொல்லாட்டி எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அன்னிக்கு ரீலை நான்தான் மாத்திப் போட்டுட்டேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சுடுவாரு. மூணு பொட்டப் புள்ளைங்க சார். காப்பாத்துங்க.” காப்பாத்துங்க என்றாரே, அந்த ஒரு சொல்லைத்தான் அம்பலவாணன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திருத்தம் போட்டால் பவுல் வேலை போய்விடும், மூணு பொட்டப் பிள்ளை, என்ன பாவம். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள் அம்பலவாணனுக்கு! தன் இரண்டு பக்கத்தையும் புகைப்படத்தையும் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவன் பெண்பிள்ளைகளைத் தூக்கி முன்னால் நிறுத்திக்கொண்ட நல்ல மனசு. அதற்கு முன்னாலேயே செவத்தையா இரண்டு தடவை பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தான். வரவேற்பில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான், அதே கடைசிப் பித்தான். வசை வாங்கின இயக்குநர்கள் சண்டைக்கு வருவது வழக்கம், அதனால் இவர் ‘வெளியூர் போயிருக்கார்னு சொல்லுங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். இரண்டாம் தடவையும் அதே வெளியூர். மூன்றாம் தடவை அவன் வரவில்லை. பிற்பாடு பவுல் செத்தார், அந்தத் திரையிடல் அரங்கம் கல்யாண மண்டபம் ஆயிற்று, பெண்பிள்ளைகள் மூவருக்கும் கல்யாணம் ஆகிப் பிள்ளைகுட்டியும் பெற்றுவிட்டார்கள், பத்திரிகையும் நின்றுபோயிற்று. ஒவ்வொன்றாகச் சாக்குகள் எல்லாம் செத்துப்போன பிறகும் இவர் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? சோம்பல் என்று சொல்லலாம். அட, வெட்கமில்லாமல் உண்மையைச் சொன்னால் என்ன, பயம். காலண்டரைக் கழற்றிவிட்டால் அம்பலவாணனில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பயம்.

“என்ன படம் இது, கறுப்பும் வெள்ளையுமா?” வசுமதி முருங்கைக்காய்த் தட்டோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். முப்பத்தாறு வருஷமாக இவரோடு இருக்கிறாள், இவர் எழுதியதை மொத்தமாக ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை, அதனாலேயே இவருக்கு அவளிடம் ஒரு நிம்மதி. “கலர்தான். பிரிண்ட் வெளுத்துப்போச்சு” என்றார். “அந்தப் பொம்பளை யாரு? எங்கயோ பார்த்த முகமா இருக்கு.” “யாரோ. அதுக்கப்புறம் நடிக்கலை.” “நடிச்ச மாதிரியே இல்லையே, நம்ம மாடிவீட்டுக்காரி மாதிரி நிக்கிறா” என்று சொல்லிவிட்டு அவள் முருங்கைக்காயைச் சீவ ஆரம்பித்தாள். அவர் படத்தைப் பார்த்தார், பார்க்கவும் இல்லை. இத்தனை நாளும் இந்தப் படத்தைப் பற்றி அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன, இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. ஒன்று, படம் உண்மையிலேயே மோசமாக இருக்கவேண்டும், அப்படியானால் ரீல் மாறினாலும் மாறாவிட்டாலும் தான் எழுதியது சரிதான். இன்னொன்று, படம் மகத்தானதாக இருக்கவேண்டும், அப்படியானால் தான் செய்தது பெரிய பாவம், பெரிய பாவத்துக்கு ஒரு கௌரவம் உண்டு, அழுது எழுதினால் ஆயிரம் பேர் பகிர்வார்கள். சீ, என்ன மனசு இது. படமோ இரண்டுமாக இல்லை. பாட்டு ஒன்று தேவையில்லாமல் வந்தது, ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மேடை நாடகம் மாதிரி கத்தினார், ஆனால் அந்தப் பெண் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ரயில் கடந்து முடியும்வரை, தலையில் குடத்தோடு சும்மா நிற்கிறாள் பாருங்கள், அதில் ஏதோ இருந்தது. பெட்டிகள் ஓட ஓட அவள் முகம் தெரிவதும் மறைவதுமாக. சிரிக்காத முகம். இதை எப்படி அப்போது பார்க்காமல் விட்டோம் என்று அவருக்கு உறைத்தது. கண் அரித்தது, துடைத்துக்கொண்டார், ஆப்பரேஷன் ஆகி இரண்டு மாசமாகியும் இந்தக் கண் எதைப் பார்த்தாலும் நீர் விடுகிறது, பேய்ப் படத்துக்கும் விட்டது. மணி பன்னிரண்டே கால். ரெண்டு மணிக்குள்ள. எழுதவேண்டியது ஒரு பத்திதான், ‘அன்று ரீல் மாறியிருந்தது, எனக்கு அது தெரிந்தும் இத்தனை வருஷம் சொல்லவில்லை’ என்று. இதைப் படித்துவிட்டு ஷெரின் என்ன சொல்வாள்? சார், இதைப் போட்டா நம்ம பேரே கெட்டுடும் என்பாளா? அடுத்த வாரம் முதல் வேறு பையனை வைத்துக்கொள்வாளா? வைத்துக்கொண்டால் வெள்ளிக்கிழமைகளை என்ன செய்வது? காலையில் எழுந்து முகம் கழுவி எந்த இருட்டுக்குள் போய் உட்காருவது? பாத்ரூமுக்குப் போய் வருகிற மாதிரி மனசு இந்தக் கேள்விக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. போகட்டும், அந்தக் குழம்புக் காட்சி வரட்டும், சரியான இடத்தில், சாவுக்கு முன்னால், அதை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தனக்குத்தானே ஒரு தவணை கொடுத்துக்கொண்டார்.

காட்சி வரவில்லை. அந்தப் பெண் அடிகுழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள், அடுத்த நிமிஷம் பாடையில் கிடந்தாள். அம்பலவாணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அயர்ந்துவிட்டோமா? இப்போதெல்லாம் அப்படி ஆகிறது, போலீஸ் படத்தில் ஒரு கொலையைத் தவறவிட்டு, கூட வந்திருந்த வசுமதியிடம் கேட்டு எழுதினார். பின்னால் ஓட்டினார். அடிகுழாய், பாடை. இன்னொரு தடவை ஓட்டினார். அடிகுழாய், பாடை. குழம்பு எங்கே? சாவுக்குப் பின்னால் வருமோ, அப்படியானால் நான் எழுதியது சரியோ, பவுல்தான் உளறினாரோ, என்று ஒரு அற்ப சந்தோஷம்கூட எட்டிப்பார்த்தது, வெட்கக்கேடு. முன்னால் ஓட்டினார். சுடுகாடு, மழை, கேட் மூடுகிறது, ரயில், வணக்கம். படம் முடிந்துவிட்டது. குழம்பு எங்கேயுமே இல்லை. ஒருவேளை அப்படி ஒரு காட்சியே இல்லையோ? தானே கற்பனை பண்ணி எழுதினோமோ? இல்லாத ஒன்றைப் பார்த்ததாக இருபத்தெட்டு வருஷம் நம்பிக்கொண்டு, அதற்காகவே உள்ளுக்குள் வெந்துகொண்டு? அவருடைய பெரியப்பா கடைசி நாளில் இப்படித்தான் இல்லாத மாட்டுக்கு வைக்கோல் போட்டார். “வசு, இங்க வா, இதைக் கொஞ்சம் பாரு” என்று கூப்பிட்ட குரல் அவருக்கே வேறு யாருடைய குரலாகவோ கேட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், பார்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள். “இவளுக்கு எப்போ உடம்புக்கு வந்துச்சு? இப்பதானே தண்ணி அடிச்சா? நடுவுல எதையோ முழுங்கிட்டானுங்க.” “நிஜமாவா? நீயும் பார்த்தியா, நடுவுல இல்லைதானே?” “என்ன இப்படிப் பதறுறீங்க? இல்லைன்னா இல்லை. மாத்திரை போட்டீங்களா?” மாத்திரை போட்டாயிற்று. அவர் அலைபேசியை எடுத்தார். ஷெரின் அனுப்பிய எண்ணை அழுத்தினார். வசுமதி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

“வணக்கம், செவத்தையா வீடியோஸ்” என்றது குரல். பின்னணியில் நாதஸ்வரம், யாருடைய கல்யாணத்தையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறான் போல. பெயரைச் சொன்னார். நாதஸ்வரம் நின்றது. “சொல்லுங்க சார். வெளியூர்ல இருந்து வந்துட்டீங்களா?” என்றான். குத்திச் சொன்னானா சாதாரணமாகச் சொன்னானா என்று பிடிபடவில்லை. அம்பலவாணன் எழுந்து நின்றுகொண்டார், ஏன் எழுந்தார் என்று தெரியவில்லை. “செவத்தையா, உங்க படத்தை இப்பதான் பார்த்தேன். அந்த... அந்தக் குழம்பு வைக்கிற காட்சி, அது இதுல இல்லையே?” “அது எப்படி சார் இருக்கும்? நீங்க எழுதுன மறுநா எங்க புரொடியூசர் எல்லாத் தியேட்டருக்கும் போன் போட்டுட்டாரு. செத்தவ குழம்பு வைக்கிறான்னு பேப்பர்ல போட்டுட்டான், அந்த ரீலைத் தூக்குன்னு. நான் கால்ல விழாத கொறை. முதலாளி, ரீலு மாறியிருக்கு, படம் சரியாத்தான் இருக்குன்னேன். நீ பெரிய மேதாவியா, பேப்பர்காரன் பெரியாளான்னு கேட்டாரு. பத்தாவது ரீலை மொத்தமா எடுத்துட்டாங்க. நெகடிவு, பிலிம் கழுவுற லேபை மூடும்போது போயிருச்சு. இப்பக் கெடைச்சது மதுரைல ஒரு குடோன்ல கெடந்த வெட்டுன பிரிண்டுதான்.” அம்பலவாணனுக்குத் தொண்டையில் சொட்டு மருந்தின் கசப்பு இன்னும் இருந்தது. ஆயிரம் தடவை கத்தரி போடச் சொல்லியிருக்கிறோம், எவன் போட்டான், எவனும் போடவில்லை, போட்டவன் ஒருத்தன் இதிலா போடவேண்டும். “செவத்தையா, ரீல் மாறினது எனக்கும் தெரியும். ஒரு மாசத்துல தெரிஞ்சுபோச்சு. நான் எழுதலை. தப்பு. பெரிய தப்பு. இந்த வாரம் எழுதிடறேன், எல்லாத்தையும், என் பேரைப் போட்டே எழுதறேன்.” இருபத்தெட்டு வருஷமாகச் சுமந்த மூட்டை இவ்வளவு சின்ன மூட்டையா என்று இருந்தது. சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வசுமதி ஒன்றும் புரியாமல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது கெடக்கட்டும் சார்” என்றான் செவத்தையா. “எழுதுங்க, எழுதாமப் போங்க, அதுல இப்ப எனக்கு ஒண்ணுமில்ல. உங்ககிட்ட வேற ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தேன். அதுல நடிச்சது எங்க அக்கா சார். நடிகை போட வசதியில்ல, அவளையே நிக்க வச்சேன். அவளுக்குப் பல்லு கொஞ்சம் எடுப்பு. அதனால ஒரு போட்டோவுலயும் சிரிக்க மாட்டா, கல்யாணப் போட்டோவுலகூட வாயை மூடிக்கிட்டுத்தான் இருப்பா. படத்துலயும் பாத்திருப்பீங்க. அந்தக் குழம்பு சீன்ல மட்டும் என்னமோ சொல்லிச் சிரிச்சுப்புட்டா சார், வாய்விட்டு. நான் எழுதுன வசனம் இல்ல, அவளாச் சொன்னது. அப்படியே வச்சுக்கிட்டேன். அக்கா போயி ஆறு வருசமாச்சு. சிரிச்சது ஞாபகம் இருக்கு, என்ன சொல்லிச் சிரிச்சான்னு எவ்வளவு யோசிச்சாலும் வரமாட்டேங்குது. மத்த பத்திரிகைக்காரங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டேன். அவங்க இடைவேளையிலயே போண்டாவைச் சாப்பிட்டுக் கெளம்பிட்டாங்களாம். கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான்னு பவுல் அண்ணன் சொன்னாரு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார், எங்க அக்கா என்ன சொன்னா?”

ஆமாம், நான்தான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன், நான் எந்தப் படத்துக்கும் பாதியில் எழுந்ததில்லை, என்று அந்த நிலையிலும் ஒரு பெருமை தலைதூக்கிற்று அம்பலவாணனுக்கு. கண்ணை மூடிக்கொண்டார். அரங்கம் வந்தது, இருட்டு வந்தது, சிகரெட் நாற்றமும் பழைய மெத்தை நாற்றமும்கூட வந்துவிட்டன. அடுப்பு? அடுப்பு வரவில்லை. முகம்? கேட்டில் நின்ற முகம் வந்தது, காலையில் பார்த்தது, இது அது இல்லை. இன்னும் இறுக்கி மூடினார், கண் வலித்தது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது, ஒரு பொம்பளைக் குரல் ஏதோ சொல்வது தூரத்தில் கேட்டது, என்ன சொல்கிறாள், இதோ, இதோ, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் கேட்டுவிடும். அதற்குப் பதிலாக மடியில் ஒரு நோட்டு வந்தது. அதன்மேல் பேனா விளக்கின் சின்ன மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் தன்னுடைய கையெழுத்து. முதலில் ‘கடிகாரம்’ என்று எழுதி அடித்திருந்தது. அப்புறம் ‘பஞ்சாங்கம்’ என்று எழுதி, அது நீளமாக இருக்கிறது என்று அதையும் அடித்திருந்தது. அதன் கீழே ‘காலண்டர்’, அதற்குக் கீழே இரண்டு கோடு. அந்த இருட்டில் தனியாக உட்கார்ந்து, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தது நினைவு வந்தது. அவள் அல்ல, அவர் சிரித்தது. பெண்ணே, ஒரு தடவை சொல்லேன், கெஞ்சிக் கேட்கிறேன், என்று நோட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்க்க முயன்றார். நிமிர முடியவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாமா? உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லிச் சிரித்தாள், புருஷனைக் கிண்டல் பண்ணினாள், எதைச் சொன்னாலும் நம்புவான், சந்தோஷப்படுவான், தனக்கென்ன, வசனம் எழுதத் தெரியாதா. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வசுமதி இன்னும் முழங்கையை விடவில்லை.

“நான் பார்க்கலை, செவத்தையா” என்றார். “குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தேன்.”

செவத்தையா கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

“அது ஏழு நிமிச சீனு சார். ஏழு நிமிசமுமா எழுதுனீங்க?”

“ஆமா” என்றார் அம்பலவாணன்.